‘கோல்ஃப்’ கதைக்கு நான் கொடுத்த விலை 52,000 ரூபாய்

கோவில்பட்டியில் பதினாறு வருடமாக ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறேன். மாடியில் ஒரு தகரக் கொட்டகை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. என் நிறுவனம் அவ்வளவுதான். மாலை வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்தால் பாடத்தை நிறுத்திவிட்டு ஏதாவது ஒரு சொல் பிறந்த கதையைச் சொல்வேன். “நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத். நாலு திசையிலிருந்தும் வருவதால்தான் அதற்கு நியூஸ் என்று பெயர்” என்பேன். கொட்டாவி அத்தோடு நின்றுவிடும். “சார், இன்னொண்ணு சொல்லுங்க” என்பார்கள். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

2021 கடைசியில் இந்தக் கதைகளையெல்லாம் சேர்த்துப் புத்தகமாகப் போடலாம் என்ற ஆசை வந்தது. வித்தியாசமான ஆங்கிலச் சொற்கள், அவற்றின் பொருள், பிறந்த கதை. மொத்தம் 218 சொற்கள். எங்கிருந்து சேர்த்தேன் என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வாட்ஸ்அப்பில் வந்தவை, பழைய வார இதழ்த் துணுக்குகள், இணையத்தில் ‘வியக்க வைக்கும் பத்துச் சொற்கள்’ வகைப் பக்கங்கள். ஒரு கதை ஐந்து இடத்தில் ஒரே மாதிரி இருந்தால் அது உண்மை என்று முடிவு கட்டினேன். ஐந்து பேரும் ஒரே ஆளைப் பார்த்து எழுதியிருக்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. டிடிபிக்கு 5,200, அட்டை வடிவமைப்புக்கு 2,000, சிவகாசியில் 96 பக்கம் ஆயிரம் பிரதி அச்சடித்துப் பைண்டிங் செய்ய 39,500, வண்டி வாடகை 600. ஆக 47,300 ரூபாய். கையில் அவ்வளவு இல்லை. மனைவியின் இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்தேன். “மூணு மாசத்துல திருப்பிடலாம்” என்று நான் சொன்னதை அவள் நம்பினாள். நானும் நம்பினேன்.

2022 ஜூனில் கட்டுகள் வந்து இறங்கின. புது மை வாசனையோடு முதல் பிரதியைப் பிரித்தபோது இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்று 300 பிரதி வாங்கியது, பிரதிக்கு 60 ரூபாய் வீதம். என் மாணவர்கள் 85 பேர் 70 ரூபாய்க்கு வாங்கினார்கள். ஒரு புத்தகக் கடையில் விற்றால் காசு என்ற பேச்சில் 50 பிரதி வைத்தேன். முதல் மாதமே பாதிப் பணம் வந்துவிட்டதே என்று அடுத்த புத்தகத்துக்குக்கூடத் தலைப்பு யோசித்து வைத்திருந்தேன்.

ஜூலையில் ஒரு நாள், பேத்தியை அழைத்துப் போக ஒரு பெரியவர் மாடி ஏறி வந்தார். ஆங்கிலப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காத்திருந்த நேரத்தில் மேசையில் கிடந்த என் புத்தகத்தைப் புரட்டினார். பாராட்டப்போகிறார் என்று நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன். அவர் 41ஆம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “தம்பி, கோல்ஃப்னா ‘ஜென்டில்மென் ஒன்லி, லேடீஸ் ஃபார்பிடன்’னு போட்டிருக்கீங்களே, இந்தச் சொல் எந்த வருஷத்துலேர்ந்து எழுத்துல இருக்கு?” என்று கேட்டார். “தெரியலீங்க ஐயா” என்றேன். “பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டுப் பேத்தியின் பையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். திட்டவில்லை, சிரிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடக் கோபத்தில் மறந்திருப்பேன்.

அன்று ராத்திரி தேடினேன். 1457ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃப் ஆட்டத்தைத் தடை செய்து ஒரு சட்டம் போட்டிருக்கிறது. ஆண்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதை ஆடிக்கொண்டிருந்தார்களாம். அதாவது தடை ஆண்களுக்கு. நான் எழுதி வைத்ததற்கு நேர் எதிர். மட்டையைக் குறிக்கும் ஒரு டச்சுச் சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்கிறார்கள்; முதலெழுத்துகளைக் கோத்த கதைக்கு எந்த ஆதாரமும் கிடையாது. சரி, ஒன்றுதானே தப்பு என்று அடுத்ததைப் பார்த்தேன். ‘நியூஸ்’ என்பது ‘நியூ’வின் பன்மை, புதியவை என்று பொருள். பிரெஞ்சிலும் ‘நூவெல்’ என்று இதே மாதிரிதான் சொல்கிறார்கள். திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஓட்டலில் கொடுக்கும் ‘டிப்’ என்பது ‘டு இன்ஷூர் ப்ராம்ப்ட்னெஸ்’ இல்லை. ‘கையில் கொடு’ என்ற பொருளில் திருடர்களின் குழூஉக்குறியில் புழங்கிய சொல். ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் அனுப்பிய ‘எஸ்ஓஎஸ்’ என்பது ‘சேவ் அவர் சோல்ஸ்’ இல்லை. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என்று தந்தியில் அடிக்கவும் காதில் பிடிக்கவும் சுலபம் என்பதற்காகத் தேர்ந்த குறி. விரிவாக்கம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

பகட்டான என்று பொருள்படும் ‘போஷ்’ கதைதான் ரொம்ப வலித்தது, ஏனென்றால் அதை வகுப்பில் நடித்தே காட்டுவேன். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வரும் பணக்கார வெள்ளைக்காரர்கள், வெயில் படாமல் இருக்க வரும்போது இடது பக்க அறையும் போகும்போது வலது பக்க அறையும் கேட்பார்களாம். பயணச்சீட்டில் ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’ என்பதைச் சுருக்கி முத்திரை குத்துவார்களாம். வெயில், கப்பல், துரைமார் என்று எல்லாம் அமைந்த கதை. ஆனால் அந்தப் பாதையில் ஓடிய பி அண்ட் ஓ நிறுவனக் கப்பல்களில் அப்படி முத்திரை குத்திய சீட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. சொல்லே முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் அச்சில் தலைகாட்டுகிறது. கப்பல் கதையோ அதற்கும் பிறகு, 1930களில்தான் வருகிறது. விடிகாலை மூன்று மணிக்கு எண்ணிப் பார்த்தேன். என் புத்தகத்தில் முதலெழுத்துக் கதைகள் மட்டும் 17. பதினேழுமே பொய்.

இதைப் படிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஒரு பழைய சொல்லை நான்கைந்து சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று யாராவது சொன்னால், உடனே சந்தேகப்படுங்கள். முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. ‘ரேடார்’ 1940இல் வந்தது, ‘லேசர்’ 1950களின் கடைசியில். அவை உண்மை. அதற்கு முந்தின சொல் என்றால் நூற்றில் தொண்ணூற்றொன்பது கட்டுக்கதைதான். விதிவிலக்கு ‘ஓகே’. அது ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே தப்பான எழுத்துக்கூட்டலில் ‘ஓல் கொரெக்ட்’ என்று எழுதிச் சுருக்கிய விளையாட்டு. 1839 மார்ச் 23 அன்று பாஸ்டன் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் அச்சாகியிருக்கிறது. தேதி வரைக்கும் சொல்ல முடிகிறது, பாருங்கள். ஆலன் வாக்கர் ரீட் என்ற அமெரிக்க அறிஞர் பழைய பத்திரிகைகளைத் துழாவி, 1960களில் இதை நிலைநாட்டினார்.

தப்பு தெரிந்த பிறகு நான் செய்ததுதான் கேவலம். மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. யார் போய் இதையெல்லாம் சரிபார்க்கப் போகிறார்கள் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மனைவியிடமும் சொல்லவில்லை, சங்கிலி அடகில் இருக்கிறதே. அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப் போட்டியில் என் புத்தகத்திலிருந்து ‘போஷ்’ கதையையும் ‘கோல்ஃப்’ கதையையும் எடுத்துப் பேசினான். நடுவர் ஒருவர் மேடையிலேயே, இரண்டும் தவறு, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டுவிட்டார். பையன் அழுதுகொண்டே இறங்கினானாம். தலைமை ஆசிரியை போன் பண்ணி இதைச் சொன்னபோது அவர் குரலில் கோபமே இல்லை. “சார், பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல” என்றார். மறுநாள் காலையிலேயே நேரில் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். 18,000 ரூபாயை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பையனையும் பார்த்து, தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் பணத்தைவிட அதுதான் உறுத்துகிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்து இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். பிழைதிருத்தத் தாள் அடித்துப் புத்தகத்தில் செருகிவிடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் 30 திருத்தங்களோடு எட்டுப் பக்கம் அடித்ததில் 3,200 ரூபாய் போனது. அடித்து முடித்த வாரமே இன்னும் பன்னிரண்டு தப்பு கிடைத்தது. திருத்தியதிலேயே இரண்டு தப்பு. முழுதாகச் சரிபார்க்காமல் திருத்தம் அச்சடிக்காதீர்கள். கட்டிய வீட்டை இடித்துவிட்டு மறுபடியும் அஸ்திவாரம் இல்லாமல் கட்டுவது போலத்தான் அது.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி 218 சொற்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம் போட்டேன்: முதன்முதலில் எழுத்தில் வந்த ஆண்டு, அப்போதைய எழுத்துக்கூட்டல், அப்போதைய பொருள், எந்த அகராதி சொல்கிறது. பதினொரு மாதம் ஆனது. பகலில் வகுப்பு, ராத்திரி இது. கேட்க ஆள் இல்லை. அந்தப் பெரியவர் வேறு, பேத்தி படிப்பு முடிந்ததால் சென்னைக்குப் போய்விட்டார். மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் தெரிந்தவர் தயவில் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இருபது தொகுதிப் பதிப்பைப் பார்க்க அனுமதி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மூடியிருப்பார்கள், எனவே வேலை நாளில் வகுப்பை ரத்து செய்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்பது தடவை போனேன்.

அந்த அகராதியைத் திறந்த பிறகுதான் சொல்லின் வரலாற்றை எப்படி எழுத வேண்டும் என்பதே எனக்குப் புரிந்தது. ஜேம்ஸ் மர்ரே பொறுப்பில் முதல் பகுதி 1884இல் வந்திருக்கிறது. முழுதும் முடிய 1928 ஆகிவிட்டது. முடிவைப் பார்க்க அவர் இல்லை, 1915இலேயே இறந்துபோனார். ஆயிரக்கணக்கான வாசகர்கள் பழைய புத்தகங்களைப் படித்து, சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டுகளைக் கால வரிசையில் அடுக்கினால் சொல்லின் ஜாதகம் தானாக வந்துவிடும். கதை தேவையே இல்லை. நான் கதையை முதலில் வைத்தேன். அவர்கள் தேதியை முதலில் வைத்தார்கள்.

தேதி எவ்வளவு கூர்மையான கத்தி என்பதற்கு ‘குவிஸ்’ ஒன்று போதும். டப்ளினில் டேலி என்ற நாடகக் கொட்டகை முதலாளி, அர்த்தமே இல்லாத ஒரு சொல்லை ஒரே ராத்திரியில் ஊர் முழுக்கப் பரப்பிக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டி, சுவரெல்லாம் அதை எழுதி வைத்தாராம். 1791இல் நடந்ததாகச் சொல்வார்கள். என் புத்தகத்தில் இதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் ‘விசித்திரமான ஆள்’ என்ற பொருளில் அந்தச் சொல் 1780களின் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்கிறது. பந்தயத்துக்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. ‘கபால்’ என்ற சொல்லும் அப்படித்தான். சதிக்கூட்டம் என்று பொருள். இரண்டாம் சார்லஸ் மன்னரின் ஐந்து அமைச்சர்கள் பெயரின் முதலெழுத்துகள் என்று எழுதியிருந்தேன். அமைச்சர்களும் உண்மை, எழுத்துகள் பொருந்துவதும் உண்மை. ஆனால் அவர்கள் பதவிக்கு வந்தது 1660களின் பிற்பகுதியில். சொல்லோ அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தில் இருந்தது. எபிரேய மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. அந்தக் காலத்து மக்கள் பொருத்தத்தைப் பார்த்துக் கேலி செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எல்லாக் கதையும் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் நடுவில் அந்தப் பக்கமும் சாய்ந்து, உண்மையானவற்றையும் அடித்துவிட்டேன். ‘பாய்காட்’ நிஜமாகவே ஓர் ஆளின் பெயர். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் நிலக்கிழாருக்குக் காரியஸ்தராக இருந்த சார்லஸ் பாய்காட்டை 1880இல் குத்தகைக்காரர்கள் ஊர்விலக்கு செய்தார்கள். அந்த வருடமே பத்திரிகைகள் பெயரை வினையாக்கிவிட்டன. ‘செரண்டிபிட்டி’, அதாவது தேடாமலே நல்லது கைக்கு வந்து சேருவது, 1754 ஜனவரி 28 அன்று ஹொரேஸ் வால்போல் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் பிறந்தது. செரண்டிப் நாட்டு மூன்று இளவரசர்கள் பற்றிய கதையிலிருந்து எடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். செரண்டிப் என்பது இலங்கையின் பழைய பெயர். ‘ரோபோ’ 1920இல் காரெல் சாப்பெக் எழுதிய செக் நாடகத்தில் வருகிறது. பெயரை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய உழைப்பு, நம் ஊர் வெட்டி வேலை மாதிரி. மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையைக் குறிக்கும் ‘பெட்ரிகோர்’ 1964இல் இசபெல் பேர், ரிச்சர்டு தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ‘நேச்சர்’ இதழ்க் கட்டுரைக்காக உருவாக்கியது. கிரேக்கத்தில் கல்லைக் குறிக்கும் சொல்லோடு, தேவர்களின் உடம்பில் ஓடுவதாகச் சொல்லும் ‘இக்கோர்’ என்ற திரவத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நமக்கு மண்வாசனை என்ற ஒரு சொல் போதும். அவர்களுக்கு அதுவரை அப்படி ஒரு தனிச் சொல் இல்லை. இந்த நான்கிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ஆள், வருடம், தாள் மூன்றும் கையில் இருக்கின்றன. மூன்றும் ஒரே காலத்தவை. சம்பவம் நடந்து நூறு வருடம் கழித்து முதன்முதலாகக் காதில் விழும் கதையை மட்டும் நம்பாதீர்கள்.

இப்போது கடைசி ஒன்பது பக்கங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தயங்கித்தான் எழுதுகிறேன். ‘ஆங்கிலத்தில் நம் தமிழ்’ என்று தலைப்புப் போட்டு 22 சொற்கள் கொடுத்திருந்தேன். பள்ளிகளில் நன்றாக எடுபடும் என்ற வியாபார எண்ணமும் இருந்தது. ஒன்று என்பதுதான் ‘ஒன்’, எட்டுதான் ‘எய்ட்’, காசுதான் ‘கேஷ்’, நாவாய்தான் ‘நேவி’. பிள்ளைகள் கைதட்டும் பக்கம் இது. ‘எய்ட்’ டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனில் ‘ஆக்ட்’, லத்தீனில் ‘ஒக்டோ’, பாரசீகத்தில் ‘ஹஷ்த்’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலச் சொல்லின் நடுவில் எழுதியும் உச்சரிக்காத அந்த இரண்டு எழுத்துகள் பழைய தொண்டை ஒலியின் எச்சம். தமிழ் எட்டுக்கு அங்கே இடமில்லை. ‘ஒன்’னின் பழைய வடிவம் ‘ஆன்’. இன்று அதன் முன்னால் கேட்கும் வகர ஒலி பல நூறு வருடம் கழித்து வந்தது. ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டுமே அதே ‘ஒன்’னிலிருந்து வந்தவைதான், அவற்றில் வகரம் இல்லாததைக் கவனித்தால் போதும்.

ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி இல்லை என்று எனக்கு அடித்துச் சொன்னது ஒரு நாய். ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான ம்பபரத்தில் நாய்க்கு என்ன பெயர் தெரியுமா? ‘டாக்’. ஆங்கிலேயரிடம் வாங்கியது இல்லை. ‘குடக’ என்ற பழைய வடிவம் அந்த மொழிக்கே உரிய மாற்றங்களால் தேய்ந்து அப்படி வந்து நின்றது என்று டிக்சன் என்ற மொழியியலாளர் காட்டியிருக்கிறார். முழுக்கத் தற்செயல். இந்த ஒன்றைப் படித்த ராத்திரி என் ஒன்பது பக்கங்களும் ஆட்டம் கண்டுவிட்டன.

‘கேஷ்’ விஷயம் இன்னும் சுவை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரண்டு உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது பெட்டியைக் குறிக்கும் லத்தீன் ‘காப்ஸா’விலிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாக வந்தது, பணப்பெட்டி பணமாகிவிட்டது. சீனா, தென்னிந்தியா பக்கத்துச் சில்லறை நாணயத்துக்கு வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த ‘கேஷ்’ என்ற இன்னொரு சொல்தான் நம் காசு, போர்த்துகீசியர் வாய் வழியாகப் போனது. அந்தச் சொல்லை இப்போது நாணயம் சேர்ப்பவர்களும் வரலாறு படிப்பவர்களும்தான் சொல்கிறார்கள். என் புத்தகம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டிருந்தது. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிடப் பிடிக்கக் கடினம்.

உண்மையாகவே இங்கிருந்து போன சொற்கள் அத்தனை இருக்கும்போது இந்தப் பொய்கள் எதற்கு என்றுதான் இப்போது கோபம் வருகிறது. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது; டாம்பியர் என்ற கடலோடி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் இப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் படகு. நம் கட்டுமரத்தில் உடலே கிடையாது, கட்டைதான். சுருட்டு ‘செரூட்’ ஆனது, மிளகுத்தண்ணீர் ‘முல்லிகட்டானி’ சூப் ஆனது, வெட்டிவேர் பிரெஞ்சுக்காரர் வழியாக ‘வெட்டிவர்’ ஆகி வாசனைத் திரவியக் குப்பிகளில் இருக்கிறது. அணைக்கட்டு ‘அனிகட்’ ஆனது. கல்லணையை இன்றைக்கும் பொறியாளர்கள் ‘கிராண்ட் அனிகட்’ என்றுதான் எழுதுகிறார்கள். ‘ஆரஞ்சு’க்குப் பின்னால் சமஸ்கிருதம், பாரசீகம், அரபு என்று நீண்ட வழி இருக்கிறது, அதன் தொடக்கத்தில் நம் நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல்லைத்தான் வைக்கிறார்கள். இந்த வகைக்கு யூல், பர்னெல் இருவரும் சேர்த்து 1886இல் வந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதியைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். பர்னெல் மதராஸ் மாகாணத்தில் அதிகாரியாக இருந்தவர், தஞ்சை அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். தமிழ்ப் பக்கத்தைச் சரிபார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பர்ரோ, எமனோ இருவரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் சிகாகோ பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கின்றன. ஆங்கிலச் சொல்லுக்கு முதல் தேதி மட்டும் வேண்டுமானால் மெரியம் வெப்ஸ்டர் தளம் போதும். டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் ‘எட்டிம்ஆன்லைன்’ அதைவிட விரிவு. இதெல்லாம் செல்போனிலேயே பார்க்கலாம். நான் 47,300 ரூபாய் செலவழிப்பதற்கு முன்பும் இலவசமாகத்தான் இருந்தன.

அகராதியும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பார்த்தால் ஆபத்துதான். 1934இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியில் ‘டோர்ட்’ என்று ஒரு சொல் இருந்தது, அடர்த்தி என்று பொருள். உண்மையில் ‘டி ஆர் டி’, அதாவது ‘டி’ என்ற எழுத்து, பெரியதோ சிறியதோ, அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கம் என்று எழுதிய ஒரு சீட்டை யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து, 1939இல், ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது. எப்படித் தெரியுமா? அந்தச் சொல்லுக்கு மட்டும் சொற்பிறப்புக் குறிப்பு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதில் வாத்தியார்கள்தான் அதிகம் விழுகிறோம். பிறந்த பொருளைக் கண்டுபிடித்துவிட்டால் அதுதான் ‘உண்மையான பொருள்’ என்று பிள்ளைகளிடம் அடம் பிடிப்பது. ‘நைஸ்’ லத்தீனில் ‘ஒன்றும் அறியாத’ என்ற சொல்லிலிருந்து வந்து, ஆங்கிலத்தில் முதலில் ‘முட்டாள்தனமான’ என்றுதான் இருந்தது. அதற்காக இன்று யாராவது நைஸ் என்று சொன்னால் சண்டைக்குப் போக முடியுமா? பழந்தமிழில் நாற்றம் என்றால் நல்ல மணம். இன்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

நோட்டுப் புத்தகம் முடிந்தபோது கணக்கு இப்படி இருந்தது: 218இல் 61 முழுத் தப்பு, 34 உறுதியில்லை. உறுதியில்லாதவற்றுக்கு ‘பிறப்பு தெரியவில்லை’ என்று எழுதினேன். பெரிய அகராதிகளே எத்தனையோ சொற்களுக்கு அப்படித்தான் எழுதுகின்றன. அதை எழுதக் கைவராததால்தான் நான் கதை எழுதினேன். பணக் கணக்கில் அச்சு 47,300, திருத்தத் தாள் 3,200, நகைக்கடன் வட்டி 5,400, மதுரைப் போக்குவரத்து 2,800. கடையில் விற்ற ஒன்பது பிரதியும் மாணவர்கள் கொடுத்ததும் சேர்த்து வந்த ஆறாயிரத்துச் சொச்சத்தைக் கழித்தால் 52,000க்கு மேல் நஷ்டம். சங்கிலி வீட்டுக்கு வர பதினாறு மாதம் ஆனது. சொந்தமாகப் புத்தகம் போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆயிரம் அடித்தால் பிரதிக்குச் செலவு குறையும் என்று அச்சகத்தில் சொல்வார்கள், உண்மைதான். ஆனாலும் முதலில் ஐம்பது டிஜிட்டல் பிரதி மட்டும் போடுங்கள். பிரதிக்கு இரண்டு மடங்கு ஆனாலும் பரவாயில்லை. அந்த ஐம்பதில் பத்தை, உங்களைப் பிடிக்காத, விஷயம் தெரிந்த ஆட்களுக்குக் கொடுங்கள்.

மீதிக் கட்டுகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. பழைய பேப்பருக்குப் போட மனசு வரவில்லை. அந்தக் கதைகள் மறுபடியும் ஊருக்குள் போய்விடுமே என்ற பயமும்தான். இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆளுக்கு ஒன்று கொடுத்து, வாரம் ஒரு பக்கம் என்று பிரித்துக் கொடுக்கிறேன். எது பொய், எந்த வருடத்தை வைத்துச் சொல்கிறாய் என்று எழுதி வர வேண்டும். போன மாதம் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி ‘சாலரி’ பக்கத்தோடு வந்து நின்றாள். என் நோட்டில் அது சரியான பட்டியலில் இருந்தது. “சார், சொல் உப்புலேர்ந்து வந்தது சரிதான், லத்தீன்ல ‘சால்’னா உப்பு. ஆனா ரோமாபுரி சிப்பாய்களுக்கு உப்பையே சம்பளமா கொடுத்தாங்கன்னு அந்தக் காலத்து ஆள் யாருமே எழுதலையே?” என்றாள். மறுபடியும் பார்த்தேன். அவள் சொன்னது சரி. 62 என்று திருத்தினேன். அவள் நகரவில்லை, பக்கத்தின் அடியில் நான் பெருமையாகச் சேர்த்திருந்த வரியில் விரலை வைத்தாள். “அப்போ கீழே, நம்ம சம்பளம் சம்பா நெல்லும், உப்புங்கிற அளமும் சேர்ந்ததுன்னு போட்டிருக்கீங்களே, அது எந்த வருஷத்துலேர்ந்து எழுத்துல இருக்கு சார்?”

லெக்சிகன் பக்கத்தைத் திறந்து செல்போனை அவளிடமே நீட்டினேன்.